வேர்டில் ஜஸ்டிஃபை செய்தால் சில வரிகள் மட்டும் இழுபடுகின்றன

கேள்வி:
இரு ஓரமும் நேராக வர (ஜஸ்டிஃபை) கண்ட்ரோல்+ஜே கொடுத்ததும், மூன்றே சொல் உள்ள வரிகூட முழு அகலத்துக்கு விரிகிறது. கையால் எண் போட்ட வரிகளில் இரண்டாம் வரி எண்ணுக்கு அடியில் போய் நிற்கிறது. ஸ்பேஸ் தட்டிச் சரிசெய்தால், எழுத்துருவை மாற்றியதும் கலைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்திப் பாருங்க. வரி முடிவில் வளைந்த அம்புக்குறி தெரிந்தால் அது ஷிஃப்ட்+என்டர். வேர்டுக்கு அங்கே பத்தி முடியவில்லை, அதனால்தான் நடுவரி மாதிரி இழுக்குது. அழித்துவிட்டு வெறும் என்டர் தட்டுங்க. நிறைய இருந்தால் கண்ட்ரோல்+எச், மோர், ஸ்பெஷல்: தேடும் கட்டத்தில் மேனுவல் லைன் பிரேக், மாற்றும் கட்டத்தில் பாரகிராஃப் மார்க்.

பதில் 2:
வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய உரைதானே? அதில் இந்த அம்புக்குறி சகஜம். பத்தியை உடைக்கக் கூடாதென்றால் அம்புக்குறிக்கு முன்னால் ஒரு டேப் தட்டுங்கள், வரி விரியாது.

பதில் 3:
எண் வரிகளுக்கு ஸ்பேஸ் வேண்டவே வேண்டாம். எண்ணுக்குப் பின் ஒரே ஒரு டேப். பிறகு வரிகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+டி (T); இரண்டாம் வரி எண்ணுக்கு அடியில் போகாமல் உள்ளே தள்ளி நிற்கும். இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் பாரகிராஃப் பெட்டியில் ஸ்பெஷல் என்ற இடத்தில் ஹேங்கிங், பக்கத்தில் 0.75 செ.மீ. கூடுதலாகத் தள்ளிவிட்டால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T).

கேள்வி கேட்டவர்:
அம்புக்குறியேதான். மாற்றியாச்சு, நன்றி.