குரோம் கேச்சைத் தினமும் அழித்தும் வேகம் வரவில்லை. டி ட்ரைவுக்கு மாற்றலாமா?

நத்தைவேகம்:
விண்டோஸ் 10 லேப்டாப், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். காலையில் குரோமைத் திறந்தால் எந்தத் தளமும் லேசில் வருவதில்லை. கேச் (பார்த்த தளங்களின் ஃபைல்களைக் குரோம் சேமித்து வைப்பது) சேர்ந்தால் பிரவுசர் மெதுவாகும் என்றார்கள். அதனால் விண்டோஸ் ஆன் ஆகும்போதே கேச்சைத் துடைக்கிற ஒரு கிளீனர் போட்டிருக்கிறேன். பலனில்லை. சி ட்ரைவில் இடமும் குறைவு. கேச்சை டி-க்கு மாற்றினால் சரியாகுமா?

தேனீ:
முதலில் அந்தக் கிளீனரை நிறுத்துங்கள். ஒருமுறை இறக்கிய படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் மறுபடி நெட்டில் இழுக்காமல் டிஸ்கிலிருந்து எடுக்கத்தான் கேச். தினம் காலையில் காலி செய்தால் தினம் காலையில் அத்தனையையும் புதிதாக இறக்கித்தானே ஆக வேண்டும்? கேச் வீங்கிக்கொண்டே போகும் என்ற பயமும் வேண்டாம். மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்து வரம்பைக் குரோமே வைத்துக்கொள்ளும், நிறைந்தால் பழையதைத் தானே கழித்துவிடும்.

டி ட்ரைவ் தனி டிஸ்கா, அதே டிஸ்கைப் பிரித்த பகுதியா (பார்ட்டிஷன்)? பார்ட்டிஷன் என்றால் மாற்றுவது வீண். அதே டிஸ்க்தான் சுழல வேண்டும்.

இப்போது இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபுக்குப் போய் ரீலோட் செய்யுங்கள். மேலே 'டிசேபிள் கேச்' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனையே தப்பாகிவிடும். 'சைஸ்' நெடுவரிசையில் டிஸ்க் கேச், மெமரி கேச் என்று வருகிறதா? கூடவே கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரி, டிஸ்க் சதவீதம் எவ்வளவு?

நத்தைவேகம்:
டி அதே டிஸ்கின் பார்ட்டிஷன்தான். காலையில் முதல்முறை திறந்தபோது எல்லாமே கேபி கணக்கில், அதாவது நெட்டிலிருந்து, வந்தது. ரீலோட் செய்ததும் பாதிக்குமேல் டிஸ்க் கேச். ஆனால் டிஸ்க் கேச் என்று வருவதே சில ஃபைலுக்கு 700, 800 மில்லிசெகண்ட் எடுக்கிறது. மெமரி 92%, டிஸ்க் 100%.

இரும்புக்கடை:
அந்த 92-ம் 100-ம்தாங்க பதில். ரேம் பத்தல, அதுக்குப் பதிலா டிஸ்க்ல ஒதுக்கி வச்ச பேஜ் ஃபைல்ல விண்டோஸ் எழுதி எழுதிப் படிக்குது. கேச்சும் அதே டிஸ்க்ல வரிசைல நிக்குது. இதுல கேச்சை அழிச்சு என்ன ஆகப் போகுது?

குரோம்ல ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்துங்க, அதோட சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி தலைப்பைக் கிளிக் பண்ணினா பெரிய தீனிக்காரன் மேல வந்துடுவான். அது எக்ஸ்டென்ஷனா (குரோம்ல நாம சேர்த்த குட்டி புரோகிராம்) இருந்து தேவையில்லன்னா தூக்கிடுங்க. அப்புறம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவரை ஆன் பண்ணுங்க.

தேனீ:
மெமரி சேவர் நல்ல யோசனை. ஆனால் அதற்கும் கேச் வேண்டும். பார்க்காத டேபை அது மெமரியிலிருந்து இறக்கிவிடும். திரும்பப் போனால் பக்கம் மறுபடி லோட் ஆகும். கேச் இருந்தால் பெரும்பகுதி டிஸ்கிலிருந்து வரும், துடைத்துவிட்டால் முழுக்க நெட்டிலிருந்து.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் டேபில் கிளீனரை டிசேபிள் செய்யுங்கள். கிளீனருக்குள்ளும் குரோம் கேச் டிக்கை எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்அப்பில் நிறுத்தியும் ஷெட்யூல் போட்டு ஓடுகிறவை உண்டு.

நத்தைவேகம்:
அப்படியானால் கேச்சை அழிக்கவே வேண்டாமா? கேச் அளவை 256 எம்பி என்று நாமே கட்டலாம் என்றும் ஓரிடத்தில் பார்த்தேன்.

தேனீ:
தளம் கலைந்து தெரிந்தால், பழைய படமே வந்துகொண்டிருந்தால் அழிக்கலாம். அதற்கும் முன்னால் அந்தப் பக்கத்தில் மட்டும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்துங்கள். கேச்சைத் தாண்டிப் புதிதாக இறக்கும். பெரும்பாலும் இதிலேயே தீரும். தீராவிட்டால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டெலிட்: படங்களும் ஃபைல்களும் என்ற ஒரு டிக் மட்டும். குக்கீஸ் டிக்கையும் சேர்த்துவிட்டால் பெரும்பாலான தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியதுதான்.

அளவு கட்டுவது டிஸ்க் கேச் சைஸ் (--disk-cache-size=) என்ற சுவிட்ச், அதாவது குரோம் தொடங்கும்போது சேர்த்துக் கொடுக்கும் கட்டளை. ஷார்ட்கட்டின் டார்கெட் பெட்டியில் கடைசி மேற்கோள் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு எழுதுவது. பலர் சறுக்குவது எண்ணில்: அது பைட் கணக்கு. 256 எம்பிக்கு 268435456 போட வேண்டும். வெறும் 256 போட்டால் 256 பைட், ஒரு சின்ன ஐகான்கூட நிற்காது. குரோம் பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சுவிட்ச் ஏறவும் ஏறாது. உங்கள் பிரச்சினைக்கு இது தேவையே இல்லை.

இரும்புக்கடை:
காசு செலவு பண்றதா இருந்தா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்), 256 ஜிபி போதும். முதல்ல அது, அப்புறம் ரேம் 8 ஜிபி. வாங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்ல ரேம் ஸ்லாட் காலியா இருக்கா, இல்ல போர்டுலயே சால்டர் பண்ணினதான்னு பாருங்க.

தேனீ:
கிளீனரை நிறுத்திய பிறகும் ஒரே ஒரு தளம் மட்டும் இழுத்தால், நெட்வொர்க் டேபில் முதல் வரியைக் கிளிக் செய்து 'டைமிங்' பாருங்கள். சர்வர் பதிலுக்குக் காத்திருந்த நேரமே நீளமாக இருந்தால் கோளாறு அந்தப் பக்கம்; உங்கள் பக்கம் எதை மாற்றினாலும் குறையாது. வங்கித் தளங்களில் லாகின் செய்தபின் வரும் பக்கங்களைச் சேமிக்கவே கூடாது என்று சர்வரே சொல்லி அனுப்புவது வழக்கம். அவை ஒவ்வொரு முறையும் நெட்டிலிருந்துதான் வரும்.