செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவே இல்லை - உதவி தேவை

அப்பா வாங்கிய 1997 மாடல் கார், 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. வியாழக்கிழமை ராத்திரி பெய்த மழையில் வெளியே நின்றது, காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. பேட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது.

தெரு முனை மெக்கானிக் வந்து பார்க்காமலே கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கிறது, நாற்றமும் வருகிறது. ஸ்பார்க்தான் இல்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜின் பாடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்புறம் காயிலிலிருந்து (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் பாகம்) வரும் நடு வயரையே கழற்றிப் பார்த்தேன், அதிலும் இல்லை. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) மூடிக்குள் ஈரம் என்ற சந்தேகத்தைத் தள்ளிவிட்டேன் (இருந்தாலும் துடைத்துக் காயவைத்தேன், மனசு கேட்கவில்லை). மூடி திறந்திருக்கும்போது உள்ளே இருக்கும் ரோட்டர் சுற்றுகிறது, அதைச் சுற்ற வைப்பது டைமிங் பெல்ட்தான், எனவே பெல்ட் அறுந்திருக்காது.

சாவி ஆன் நிலையில் காயிலின் பாசிட்டிவ் முனையில் 12 வோல்ட் வருகிறது, சுற்றும்போதும் 10 இருக்கிறது. காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கப் பழைய பாணி பாயிண்ட் செட் கிடையாது, எலக்ட்ரானிக் இக்னிஷன்.

இனி காயிலா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து அந்தத் துண்டிக்கும் வேலையைச் செய்யும் இக்னைட்டரா? நெகட்டிவ் முனையில் டெஸ்ட் லேம்ப் போட்டுச் சுற்றினால் விளக்கு மினுக்க வேண்டும் என்கிறார்கள், அது மினுக்கவில்லை என்றால் இக்னைட்டர்தான் என்று முடிவு செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அண்ணன்மாரே. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கிப் போடுவது சரிவருமா என்றும் சொல்லுங்கள்.