தேவார வகுப்பில எதிரொலி: தென்னை நார்ப் பலகை கைகொடுக்குமா?

தேவார டீச்சர், ஊத்தான் மெலிந்தாங்:
வணக்கம். எங்க தோட்டத்துப் பழைய ஆயக்கொட்டகையில (வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்ட இடம்) சனிக்கிழமை தோறும் 22 பிள்ளைங்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். சிமெண்டுத் தரை, கல் சுவர், தகரக் கூரை. நீளம் 40 அடி, அகலம் 25, உயரம் 12. ஒரு அடி பாடி முடிக்கிறதுக்குள்ள முந்தின அடி சுவத்துல மோதித் திரும்பி வந்துடுது. ழகரமும் ளகரமும் ஒண்ணாக் குழம்புது. கைதட்டிக் கைப்பேசியில அளந்தேன், சத்தம் அடங்க 2.5 விநாடி ஆகுது. பின்வரிசையில ஒரு பொண்ணுக்குக் காது மந்தம். என் வாயசைவைப் பார்த்துத்தான் பாடுறா. அவளுக்காகவே கேக்கிறேன். பாகான் டத்தோ பக்கம் தேங்கா மட்டை குவிஞ்சு கிடக்கு, அந்த நாரு உதவுமா?

தச்சு வேலைக்காரன், தெலுக் இந்தான்:
உதவும் டீச்சர். ஆனா எல்லா நார்ப் பலகையும் இல்ல. வாயை வச்சு ஊதிப் பாருங்க. லேசாத் தடுத்து மூச்சு மறுபக்கம் போனா நல்லது. நாருக்கு இடையில காத்து உரசி, சத்தம் சூடா மாறித்தான் அடங்குது. கெட்டியா அழுத்தின பலகை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். மேல பெயிண்ட் அடிச்சாலும் துளை அடைஞ்சிடும். மெல்லிய துணி போதும்.

தென்னை நார் தடிப்பு, அதனால 2 அங்குலப் பலகை எடுத்து, சுவத்துல இருந்து 2 அங்குலம் தள்ளிச் சட்டத்துல மாட்டுங்க. அந்த இடைவெளி தாழ்ந்த சத்தத்தையும் கொஞ்சம் பிடிக்கும். ஆனா மிருதங்கத்துத் தொப்பி (இடது பக்கம்) சத்தம் முழுசா அடங்காது.

உங்க இடம் சுமார் 340 கனமீட்டர். சத்தம் அடங்குற நேரத்தைக் கணிக்கிற சேபின் சூத்திரப்படி பார்த்தா, 1 விநாடிக்கு இறங்க இன்னும் 33 சதுரமீட்டர் உறிஞ்சல் (சத்தத்தை முழுசா உறிஞ்சுற பரப்பு) வேணும். பலகை 0.7 பங்கு உறிஞ்சினா, எட்டுக்கு நாலு அடியில 16 பலகை.

முன்னாள் லயத்துப் பையன்:
முட்டை அட்டை ஒட்டலாமே, காசு மிச்சம்?

தச்சு வேலைக்காரன்:
வேணாம் தம்பி. மெல்லிசு, பேச்சுச் சத்தத்தைச் சரியாப் பிடிக்காது, சீக்கிரம் தீப்பிடிக்கும். நாரும் எரியும்தான். அதனால போராக்ஸ் (வெங்காரம்) கரைசல்ல நனைச்சுக் காய வைங்க, பூச்சிக்கும் அது தடை. விளக்கு, கற்பூரம் எதிர்ச் சுவத்துப் பக்கம் இருக்கட்டும். இன்னொண்ணு, தகரத்துல மழை அடிக்கிற சத்தத்தை இது தடுக்காது. அதுக்குக் கூரை அடியில தனி வேலை.

தேவார டீச்சர்:
நன்றிண்ணே. ரப்பர் பால் தெளிச்சு ஒட்டின நார்த் துண்டு ஒண்ணு கிடைச்சது, ஊதினேன், மூச்சு போகுது. கையில உள்ள காசுக்கு இப்போ 4 பலகை. அந்தப் பொண்ணுக்குப் பின்னால உள்ள சுவத்துலதான் முதல்ல மாட்டப் போறேன்.