டெயில் லைட்டுக்கு ஸ்மோக் டின்ட்: எத்தனை கோட் தாங்கும்?

கேள்வி:
ஸ்பிரே கேனில் வரும் ஸ்மோக் டின்ட்டை (ஒளி ஊடுருவும் கருப்பு பெயின்ட்) காரின் டெயில் லைட்டில் அடிக்கப் போகிறேன். லென்ஸில் கீறல் எதுவும் இல்லை. அப்படியே மேலே அடிக்கலாமா, தேய்த்தே ஆகணுமா? எத்தனை கோட்? பிரேக் வெளிச்சம் ரொம்பக் குறைந்துவிடுமா?

பதில் 1:
தேய்க்காமல் அடித்தால் பிடிமானம் இருக்காது, பிரஷர் வாஷ் பட்டதும் உரிந்து வரும். லைட்டைக் கழற்றி, பல்பு ஓட்டைகளை டேப்பால் மூடி, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு 800 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, லென்ஸ் முழுக்க ஒரே சீராக மங்கும்வரை தேய்க்கணும். எங்காவது பளபளப்பு மிச்சமிருந்தால் முதலில் உரிவது அந்த இடம்தான். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள். அக்ரிலிக் லென்ஸில் மயிரிழை விரிசல் விழும், அதைச் சரிசெய்யவே முடியாது.

கேனை நன்றாகக் குலுக்கி, 20–25 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். லென்ஸுக்கு வெளியிலேயே மூடியை அழுத்த ஆரம்பித்து, லென்ஸைத் தாண்டி மறுபக்கம் போனபின்தான் விரலை எடுக்கணும். முதல் கோட் புள்ளி புள்ளியாகத்தான் விழும். நிரப்பணும்னு கை துறுதுறுக்கும், நிரப்பினால் வழிந்துவிடும். 10 நிமிடம் விட்டு அடுத்த கோட். காய்ந்ததும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், மேலே க்ளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்ததும் கருமை தூக்கும். அதை மறந்து கூடுதல் கோட் போடுவதால்தான் பலருக்கும் லைட் இருண்டு போகிறது.

பதில் 2:
வெளிச்சக் கணக்கையும் பாருங்கள். ஒரு கோட் 80 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று கோட்டில் சுமார் 51 சதவீதம்தான். ரிஃப்ளெக்டரில் (வெளிச்சம் பட்டால் திருப்பி மின்னும் பகுதி) பின்னால் வரும் வண்டியின் ஒளி டின்ட்டைத் தாண்டி உள்ளே போய், மறுபடி அதே டின்ட்டைத் தாண்டி வெளியே வரணும், மிஞ்சுவது 26 சதவீதம். இருட்டில் லைட் அணைத்து நிறுத்திய காரைக் காட்டிக்கொடுப்பது ரிஃப்ளெக்டர் மட்டும்தான். அதையும் ரிவர்ஸ் லைட்டையும் டின்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். மற்ற இடத்தில் இரண்டு மெல்லிய கோட் போதும். குறைந்ததை ஈடுகட்ட 21 வாட் பல்புக்குப் பதில் பெரிய வாட் போட்டால் ஹோல்டர் உருகும். பல இடங்களில் இந்த வேலைக்கே சட்டத் தடை உண்டு, முதலில் அதை விசாரியுங்கள்.

பதில் 3:
க்ளியர் கோட் விடக்கூடாது, வெயிலில் டின்ட் வெளுத்துவிடும். 2கே க்ளியர்தான் (ஹார்டனர் கலந்து இறுகும் வகை) நிற்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் போதாது, வடிகட்டி பொருத்திய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அடித்த பூச்சு குழி குழியாக விலகினால் லென்ஸில் பழைய பாலிஷின் சிலிகான் மிச்சம் இருக்கிறது. பால் மாதிரி வெளுத்தால் காற்றில் ஈரம் அதிகம். முழுதாக இறுகியபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்டால் (பளபளப்பாக்கும் பேஸ்ட்) மெருகேற்றுங்கள். விளிம்பில் மட்டும் அழுத்தாதீர்கள், க்ளியர் தேய்ந்து டின்ட் வெளியே வந்தால் அந்தத் திட்டு மறையாது.

கேட்டவர்:
இரண்டு பக்கமும் ஒரே நிறம் வர என்ன வழி?

பதில் 1:
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வீச்சில் இரண்டின் மேலும் அடியுங்கள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்றால் கண்டிப்பாக மாறும். கூடவே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளிலும் அதே கோட் அடித்து, எரியும் பிரேக் லைட் முன்னால் பிடித்துப் பாருங்கள். பகல் வெயிலில் தள்ளி நின்று பார்த்துத் தெளிவாகத் தெரியாவிட்டால் அடுத்த கோட் வேண்டாம்.