பூஞ்சை பிடித்த வீடியோ டேப்பைக் காப்பாற்ற ஆள் தேவை (பினாங்கு)

வணக்கம். தோட்டப்புறத்தில் (எஸ்டேட்டில்) பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான அட்டை) வாழும் ஒரு பாட்டியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம். அவருடைய இளவயதுக் குரலும் முகமும் பதிவான ஒரே சான்று, 90களின் விஎச்எஸ் டேப் ஒன்று.

டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. பினாங்கு ஈரப்பதத்தில் இது சகஜம். ஆனால் அப்படியே ஓட்டினால் பிளேயரின் ஹெட் (டேப்பைப் படிக்கும் பகுதி) அடைக்கும், அந்த பிளேயரில் போடும் அடுத்த டேப்புக்கும் பூஞ்சை ஒட்டும், டேப்பே அறுந்தும் போகலாம். அதனால் 'ஒரு தடவை போட்டுப் பாருங்க' என்ற யோசனை வேண்டாம்.

ஜார்ஜ் டவுன், பட்டர்வொர்த் பக்கம் டேப்பை உலர்த்திச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாராவது உண்டா? எஸ்-வீடியோ (ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் இணைப்பு) வெளியீடுள்ள பிளேயரும் டைம் பேஸ் கரெக்டரும் (டேப் சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் கருவி) வாடகைக்குக் கிடைத்தாலும் போதும். கரெக்டர் இல்லாமல் மலிவான யுஎஸ்பி கருவியில் ஏற்றினால் ஃபிரேம் விடுபட்டு, உதடும் பேச்சும் விலகிவிடும்.

கோப்பு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துப் பதியும் முறை) கலைக்காமல், தரம் குறையாத வடிவில் வேண்டும். எம்பி4 ஆகச் சுருக்கித் தரும் கடைகள் சரிவராது.

தோட்டத் தமிழ் புரிந்து மலாயில் துணைத்தலைப்பு எழுதக்கூடியவர்களும் உள்பெட்டிக்கு வாருங்கள். இரண்டுக்கும் கூலி உண்டு.