கூழ் அண்ணனின் கைக்கணக்கு: குகைக்காரர்கள் பகிர்ந்தவை

சேலம் குகைப் பகுதியில் குழித்தறி (குழிக்குள் காலைவிட்டு உட்கார்ந்து ஓட்டும் கைத்தறி) நெய்த நம் அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வருஷம் தவறாமல் ஆடியில் ஆயிரம் பேருக்குக் கூழ் ஊற்றியவர். அவர் கைப்பக்குவம் அவரோடு போய்விடக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்.

லைன்மேட்டிலிருந்து:

ஆயிரம் பேருக்கு அவர் போட்ட அளவு இது. ராகி மாவு 25 கிலோ, பச்சரிசி நொய் 8 கிலோ, தயிர் 20 லிட்டர், சின்ன வெங்காயம் 15 கிலோ, மோர்மிளகாய் 6 கிலோ. ஆளுக்குக் கால் லிட்டர் வீதம் 250 லிட்டர் தேறும். மில்லில் மாவை நைசாக ஓட்ட விடமாட்டார். நைஸ் மாவு கட்டி தட்டும், கூழும் பசை மாதிரி இழுக்கும்.

முந்தின நாள் காலை 6 மணிக்கே மாவை மூன்று பாத்திரத்தில் பிரித்துக் கரைத்துவிடுவார். வெயில் அடித்தால் மாலை 4 மணிக்கே நுரை கட்டும். ஆடிக்காற்றும் தூறலுமாக இருந்தால் இரவு 8 ஆகிவிடும். புளிப்பு மிஞ்சினால் பதற மாட்டார். மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான்.

அடுப்பு இரவு 9 மணிக்கு. நொய் முக்கால் பதம் வெந்ததும் விறகில் பாதியை வெளியே இழுத்துவிட்டுத்தான் மாவு. கொதி தளதளவென்று இருக்கும்போது ஊற்றினால் மாவின் மேல்பக்கம் வெந்து உள்ளே பச்சை நிற்கும், அதுதான் கட்டி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, துடுப்பை ஒரே திசையில், அடி உரச ஓட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் கை நிற்கக் கூடாது. நிறம் கறுத்துப் பளபளப்பு வரும். ஈரக்கையால் தொட்டு, விரலில் ஒட்டாவிட்டால்தான் இறக்கச் சொல்வார்.

தாதகாப்பட்டியிலிருந்து:

மேலே விட்டுப்போன ஒன்று. இறக்கிய சூட்டில் தட்டுப் போட்டு மூடவே கூடாது. ஆவி தண்ணீராகச் சொட்டி, மேல்பக்கம் நீர்த்து, காலைக்குள் கெட்ட வாடை வந்துவிடும். அதற்கென்றே தறியில் ஒரு பருத்தித் துணி நெய்து வைத்திருந்தார். கஞ்சி போகத் துவைத்த துணி. அதைக் கட்டித்தான் ஆறவிடுவார். பித்தளை அண்டாவில் ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும் என்பதால், சந்தேகம் வந்த அண்டாவில் தண்ணீர் மட்டும்தான். பெயின்ட் டப்பா, மருந்து டிரம் எதையும் பந்தலுக்குள்ளே விடமாட்டார், எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி.

களரம்பட்டியிலிருந்து:

உப்பு மட்டும் அவர் கை படாது. அது அவர் மனைவி, நம் அக்காவின் வேலை. கல்லுப்பு 2 கிலோவை வெந்நீரில் கரைத்து, மண் அடியில் தங்கியதும் வடிகட்டி, ஒவ்வொரு அண்டாவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார் அக்கா. அக்கா தலையை ஆட்டும் வரை அண்ணன் கரண்டியைத் தொடமாட்டார். பெரிய பெண் வரவு செலவு நோட்டு, சின்னவன் விறகு, தண்ணீர். அம்மனுக்குப் படைத்ததும் முதல் டம்ளர் தன் தாய்க்கு. அந்த ஆயாவுக்குப் பல் இல்லை. அதனால் நொய் அடியில் தங்கவிட்டு, மேலாக மொண்டு, வெங்காயம் போடாமல், வீட்டுக்கே எடுத்துப் போய்க் குடிக்கவைத்துவிட்டு வருவார். வரிசை அதுவரை காத்திருக்கும். ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

அவர் வீட்டுத் தறிச்சத்தம் இரவு 7 மணிக்கு நின்றுவிடும். கூலி குறைந்தாலும் சரி, அது பிள்ளைகள் படிக்கிற நேரம். தறிமேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர்கள் சத்தமாக வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். தெருவில் மற்ற பிள்ளைகளும் அங்கே வந்து உட்காரத் தொடங்கியது அப்படித்தான்.

அன்னதானப்பட்டியிலிருந்து:

ஊற்றும் முறையையும் சொல்ல வேண்டும். முழுக் கூழிலும் ஒரே நேரத்தில் மோர் கலக்கமாட்டார். 20 லிட்டர் தயிரைக் கடைந்து 80 லிட்டர் தண்ணீர் சேர்த்துத் தனியே வைத்திருப்பார். ஓர் அண்டா பாதி இறங்கிய பிறகுதான் அடுத்ததில் கரைப்பார். மோர் சேர்ந்த கூழ் வெயிலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வெங்காயமும் அப்போதைக்கப்போது நறுக்கியதுதான்.

1 ஜனவரி 2019 முதல் பிளாஸ்டிக் கப்புக்குத் தடை வந்தபோது பலரும் திண்டாடினார்கள். அவர் 200 எவர்சில்வர் டம்ளர் சேர்த்துவிட்டார். கழுவ மூன்று தொட்டி: முதலாவதில் கூழ் போக, இரண்டாவதில் வெந்நீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர். முதல் தொட்டியை ஒவ்வொரு நூறு டம்ளருக்கும் ஒருமுறை கொட்டி மாற்றுவார். அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை அன்று தெருவில் தள்ளுவண்டிகூட நுழையாது. அதனால் விறகும் தண்ணீரும் முந்தின நாளே உள்ளே வந்திருக்க வேண்டும்.

குகையிலிருந்து, அவருடைய நோட்டைப் பார்த்தவர்:

பெரிய பெண் நோட்டைக் காட்டினாள். போன வருஷப் பக்கத்தின் அடியில் பென்சிலில் இரண்டு குறிப்பு, அண்ணன் கையெழுத்து. கடைசி அண்டா நீர்த்துவிட்டது, நொய்யை 10 கிலோவாக்க வேண்டும் என்பது ஒன்று. துடுப்புக் காம்பை ஒரு சாண் குறைத்து இரண்டு புதிதாகச் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. இப்போது இருப்பது அவர் உயரத்துக்குச் செய்தது. பையன்கள் பிடித்தால் தோள் தூக்கிக்கொள்கிறது, அடி உரசுவதில்லை. உப்பை எப்போதும்போல் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டார். துடுப்புக்கு ஆசாரியிடம் இந்த மாதமே சொல்லிவிடலாம். வேப்பங்கட்டை வேண்டாம், கசப்பு இறங்கும் என்பார் அண்ணன். பச்சை மரமும் ஆகாது, சூட்டில் வளைந்துவிடும்.