கடல்ல காணாம போற ப்ளேன் எல்லாம் எங்கதான் போகுது?

பாலக்கோட்டான்:
வணக்கங்க. பொண்ணு ஒன்பதாவது படிக்குது, யூடியூப்ல பெர்முடா முக்கோணம்னு, அட்லாண்டிக் கடல்ல கப்பல் ப்ளேன் எல்லாம் மாயமா போகுதுன்னு சொல்ற எடத்த பத்தி வீடியோ பாத்துட்டு ராத்திரி சோறு திங்கறப்ப கேக்குது, அப்பா உன் போனே நீ எங்க இருக்கன்னு காட்டுதே அவ்ளோ பெரிய ப்ளேன் எப்படி காணாம போகும்னு. எனக்கு பதில் வரல. காந்த சக்தி, வேற்று கிரகம்னு சொல்றாங்களே, நெஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிருஷ்ணகிரி கடலோடி:
அண்ணா, நான் சரக்கு கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருக்கேன். பெர்முடா பக்கம் தெனமும் எத்தனையோ கப்பல் போகுது வருது. பொண்ணு கேட்டது நல்ல கேள்வி. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாது, அது சிக்னல் அனுப்பும் அவ்ளோதான், கணக்கு போட்டுக்கறது நம்ம போன். அத அடுத்தவங்களுக்கு சொல்லணும்னா டவரோ வேற சாட்டிலைட் தொடர்போ வேணும். நடுக்கடல்ல ஏது டவர்? கரையில இருக்கற ரேடாரும் பூமி உருண்டையா இருக்கறதால ஓரளவு தூரம்தான் பாக்கும். தண்ணிக்குள்ள போயிட்டா ரேடியோ அலை உப்புத்தண்ணிய தாண்டாது, சத்தம் மட்டும்தான் போகும். ப்ளேன் எப்படி பறந்துச்சுன்னு பதிவு பண்ற கருப்புப் பெட்டியோட ஒலி கொடுக்கற கருவி பேட்டரி ரொம்ப நாளா 30 நாள்தான் தாங்கற மாதிரி இருந்துச்சு.

1945 டிசம்பர் 5ல ஃப்ளோரிடாவுல இருந்து கெளம்பின 5 அமெரிக்க விமானம் 14 பேரோட காணாம போச்சே, அதுலயும் தலைமை பைலட் திசைகாட்டி வேலை செய்யலன்னு ரேடியோல சொல்லி வழி தவறிட்டாரு. இருட்டு, மோசமான கடல், பெட்ரோலும் தீந்துருக்கும். இதுல எங்கங்க மர்மம்?

அரூர் விவசாயி:
நம்ம ஊர் கதையே இருக்கே, ஏன் பெர்முடாவுக்கு போகணும். 2016 ஜூலை 22, தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேர் கெளம்பின நம்ம விமானப்படையோட ஏஎன்-32 ப்ளேன் காணாம போச்சு, உள்ள 29 பேரு. வாரக்கணக்கா தேடியும் ஒண்ணும் சிக்கல. 2024 ஜனவரிலதான் சென்னையில இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லாத நீர்மூழ்கி கருவி அடியில போய் எடுத்த படத்துல துண்டுங்க தெரிஞ்சுது. சென்னை கரையில இருந்து 140 கடல் மைல், ஆழம் 3,400 மீட்டர்.

எங்க கிணறு அறுபது அடி. போன மாசம் வாளி கயிறறுந்து விழுந்துடுச்சு, பாதாள கரண்டி விட்டு கலக்கி கலக்கி அரை நாள் ஆச்சு, ரெண்டு தடவ கொக்கில மாட்டி பாதியில நழுவிடுச்சு, எங்க விழுந்துச்சுன்னு கண்ணால பாத்த வாளிங்க அது. 3,400 மீட்டர்னா பதினோராயிரம் அடி, எங்க விழுந்துச்சுன்னே தெரியாம. ஏழரை வருசம் அந்த வீடுங்கள்ல போன் அடிக்கறப்பல்லாம் எப்படி இருந்துருக்கும்னு நெனச்சா வயிறு கலங்குது. இத மர்மம்னு வீடியோ போட்டு காசு பாக்கறவங்கள பாத்தா கோவம்தான் வருது.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிங்க. கிணத்து கதைய அப்படியே பொண்ணுகிட்ட படிச்சு காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், அந்த மலேசியா ப்ளேன் கெடச்சிடுச்சான்னு கேக்குது.

கிருஷ்ணகிரி கடலோடி:
அது காணாம போனது 2014 மார்ச் 8, உள்ள 239 பேருங்க. அடுத்த வருசம் ஜூலைல ரீயூனியன் தீவுல றெக்கையோட ஒரு துண்டு ஒதுங்குச்சு, அப்புறம் ஆப்பிரிக்கா கரையிலயும் சில துண்டு. மத்தது இன்னும் கெடைக்கலைன்னு சொல்லுங்க, ஆனா அது இந்தியப் பெருங்கடலுக்கு அடியிலதான் கெடக்கணும்.